இடம் வலம் மாறிய கல்யாணம்

என் அம்மா நடந்து நான் பார்த்ததில்லை. திரும்பியோ குனிந்தோ சிரித்தோ பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா பக்கத்தில் நிற்கிறாள். ஸ்டூடியோக்காரர் அசையாமல் நிற்கச் சொல்லியிருப்பார் போல. அன்றிலிருந்து என்னைப் பொறுத்தவரை அவள் அசையவே இல்லை.

அந்தப் படத்தில் அம்மாவின் மாராப்பு வலது தோளில் கிடக்கும். எங்கள் முன்னோர் தெலுங்கு பேசிக்கொண்டு வந்து கோயம்புத்தூர்ப் பக்கம் காடு திருத்தியவர்கள். எங்கள் வீட்டுப் பழைய பெண்கள் எல்லோரும் மாராப்பை வலது தோளில்தான் போடுவார்கள். நாங்கள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது ஊரோடு ஒத்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டோம். வீட்டில் பேசிய தெலுங்கும் தேய்ந்துவிட்டது. இப்போது நானும் என் பெரியப்பா மகளும் தமிழிலேயே பேசிக்கொள்கிறோம்.

அம்மா எப்படிப்பட்டவள் என்று சின்ன வயதில் கேட்காத ஆள் இல்லை. "தங்கமான பொண்ணு" என்பார்கள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டா" என்பார்கள். "அவ இருக்கற எடமே தெரியாது" என்று ஒரு பெரியம்மா பெருமையாகச் சொன்னார். இருந்த இடமே தெரியாதவளை நான் எந்த இடத்தில் போய்த் தேடுவது என்று எரிச்சலாக வரும். பிற்பாடு எனக்குத் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை கிடைத்தது. முகம் தெரியாத குரல்களை ஒன்றோடொன்று கோத்துவிடுகிற வேலை. அதில் ஓய்வு பெறும்வரை இருந்த எனக்கு, எதிராளி எதையாவது விழுங்கிவிட்டுப் பேசினால் காதில் தட்டுப்பட்டுவிடும். அம்மாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் சொந்தத்தில் அத்தனை பேரும் எதையோ விழுங்கிவிட்டுத்தான் பேசினார்கள். அது என்னவென்றுதான் தெரியவில்லை.

என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் அக்கா. பாசத்துக்குக் குறைவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். எனக்குச் சின்ன வயதில் எல்லாம் இடது கையில்தான் வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு அந்தக் கை போனால் புறங்கையில் சுள்ளென்று ஒன்று விழும். "அந்தக் கை வேண்டாங் கண்ணு" என்பார். அடித்துவிட்டு அவரே தேய்த்தும் விடுவார். "ரெண்டு வம்சத்துலயும் இல்லாத பழக்கம், எங்கிருந்துதான் வந்து ஒட்டுச்சோ" என்று புலம்புவார். பள்ளிக்கூடம் சேர்வதற்குள் என்னை வலது கைக்கு மாற்றிவிட்டார். பேனா, கரண்டி, கத்தரிக்கோல் எல்லாம் மாறின. இன்றைக்கும் தூக்கக் கலக்கத்தில் கொசு அடித்தால் இடது கைதான் முந்தும்.

போன மார்கழியில் ஒரு காலை, தொண்டாமுத்தூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அக்கா என்றால் அந்தப் பெரியப்பா மகள்தான். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள், அம்மாவை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருக்கிற கடைசி ஆள்.

"ஏங்கண்ணு, எம்பையன் போன்ல ஒரு படம் காட்டுனான். பழைய கல்யாணம். பாவாடையோட ஒரு புள்ள நிக்குது பாரு, அது நாந்தான்."

எங்கள் சொந்தத்தில் ஒரு மில்காரர் இருந்தார். வெளிநாடு போய் வந்தபோது படம் பிடிக்கும் கேமரா ஒன்று வாங்கி வந்தாராம். அதில் படம் ஓடும், சத்தம் வராது. கருமத்தம்பட்டிப் பக்கம் நடந்த தம்பி கல்யாணத்தை அதில் எடுத்திருக்கிறார். பங்களாவை இடிக்கும்போது பேரன்மார் தகரப் பெட்டியில் சுருள்களைக் கண்டெடுத்து, பழைய படங்களைச் சேகரிக்கிற ஒரு குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இன்னும் சில ஊமைப்படங்களோடு சேர்த்து அதைத் திரையிடப் போகிறார்களாம். நேரடி இசை உண்டு, நடுநடுவே கவிதை வாசிப்பும் உண்டு என்று அழைப்பில் போட்டிருந்தது.

"உங்கம்மா அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தாங்க கண்ணு," என்றாள் அக்கா. "நீ அதுக்கு அடுத்த வருசம் பொறந்தே."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சமையலறையில் நின்றேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. எனக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான். அம்மா ஒரு தரம் நடந்து போவதைப் பார்க்க வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

திரையிடல் அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில். சுவருக்கு வெள்ளையடித்து, நாற்காலி போட்டு, இப்போது அங்கே ஓவியம் மாட்டுகிறார்கள், கூட்டம் நடத்துகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே குளிர் இறங்கிவிட்டது. கூரை உயரம், காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தது. ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஊரே உட்கார்ந்திருந்தது. அக்கா சால்வைக்கு மேல் இன்னொரு சால்வை போர்த்தி, காதுக்குப் பஞ்சும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தாள்.

"வாழைக்குள்ள ஆனை பூந்து மிதிச்சுப்போட்டுது. ஃபாரஸ்ட்காரங்க வந்து போற வரைக்கும் கெளம்ப முடியல," என்றபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

முதலில் மலை ரயில் ஒன்று ஓடியது. அடுத்து ஒரு பழைய புராணப் படத்தின் மிச்சம். பாதிப் படத்தைப் பூஞ்சை தின்றிருந்தது. அசுரன் கதாயுதத்தைத் தூக்குவான், அடுத்த காட்சியில் கதை இருக்கும், அசுரன் இருக்க மாட்டான். திரைக்குக் கீழே வயலின், தபலா, கீபோர்டு என்று மூன்று பேர் உட்கார்ந்து, படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். குறை சொல்ல முடியாது, வயலின்காரர் நன்றாகவே வாசித்தார். கவிஞர்தான் என் பொறுமையைச் சோதித்தார். கதர் ஜிப்பாவும் தாடியுமாக எழுந்து நின்று, செல்போனைப் பார்த்து வாசித்தார்.

"பேசாத படத்தில்
எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
காது இல்லாதது
நமக்குத்தான்."

கூட்டம் கை தட்டியது. இதை மடக்கி மடக்கிச் சொல்லாமல் நேராகவே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். என் கவனமெல்லாம் அடுத்த படத்தில் இருந்தது. மனிதர் உட்கார்ந்தால்தானே அது தொடங்கும்.

தொடங்கியது. பந்தல், வாழை மரம், ஒரு பெரிய கார், அந்தக் காரை வேடிக்கை பார்க்கிற ஒரு மாடு. புதுக் கேமரா வாங்கிய மனிதர் மாட்டை விடவே மனமில்லாமல் எடுத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். வெயில் அடித்து முகங்கள் வெளுத்துப் போயிருந்தன. யாரைப் பார்த்தாலும் அம்மா மாதிரி இருந்தது, அடுத்த நொடி யாருமே அம்மா மாதிரி இல்லை.

"இதுல இருக்காங்களா அக்கா?"

"தெரியல கண்ணு. என்னமோ எல்லாரும் மாறிப் போன மாதிரி இருக்குது. சேலையெல்லாம் வேற மாதிரி கட்டியிருக்காங்க."

"பழைய படம்னா அப்படித்தானுங்க்கா," என்று அவளை அடக்கினேன். கண்ணாடி போடச் சொன்னால் போடுவதில்லை என்று உள்ளுக்குள் திட்டவும் செய்தேன்.

பெண்கள் நடந்து திரையின் ஓரத்தில் மறைந்தார்கள். மறுபடி கார். மணமக்கள். மாலை. தாத்தாக்கள் வரிசையாக நின்று கேமராவை முறைத்தார்கள். கவிஞர் மறுபடி எழுந்து, காலம் ஒரு ஆறு என்கிற மாதிரி எதையோ ஆரம்பித்தார். சுருள் முடியப் போகிறது, அவ்வளவுதான் என்று தோன்றியது. இத்தனை வருடம் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டேன். ஒரு சாயங்காலம் ஆசைப்பட்டதற்கு இப்படி வலிக்குமென்று நினைக்கவில்லை.

அப்போது பந்தி வந்தது. கடைசிப் பந்தி. அதுவரை பரிமாறிக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி. எங்கோ பின் வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு பக்கத்து வரிசையில். கொஞ்ச நேரத்தில் கிடங்கு முழுக்கச் சிரிப்பு.

எதற்கென்று எனக்கு உடனே புரியவில்லை. பிறகு கைகளைப் பார்த்தேன். இலை முன் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பளத்தை நொறுக்குவதும் சோற்றைப் பிசைவதும் உருண்டை பிடிப்பதும் எல்லாம் இடது கை. ஒரு கல்யாணமே சேர்ந்து இடது கையால் சாப்பிடுகிறது. கவிஞர் ஆற்றை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வயலின்காரருக்கும் சிரிப்பு வந்து வில்லை எடுத்துவிட்டார். தபலாவும் நின்றது. படம் மட்டும் சத்தமில்லாமல் ஓடியது.

"படத்த மாத்திப் போட்டுட்டாங்க," என்றாள் அக்கா. "அதான் சேலை மாறித் தெரிஞ்சுது." அடுத்த நொடி அவள் கை என் முழங்கையை இறுக்கியது. "அதா கண்ணு. எனக்குப் பக்கத்துல. சித்தி."

பாவாடை கட்டிய ஒரு சிறுமி வாயை உப்பிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண். நான் அதற்கு முன்பே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் வலது கையால் சாப்பிட்டாள்.

அம்மா வேகவேகமாகச் சாப்பிட்டாள். நல்ல பசி போல. சிறுமி பக்கம் சாய்ந்து எதையோ சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், தோள் குலுங்கச் சிரித்தாள். வாய் திறந்து பேசாதவளாம். பிறகு நிமிர்ந்தாள், கேமராவைப் பார்த்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு, மற்றக் கையை இலையில் வைத்தாள். அந்தக் கை சோற்றை எடுக்கத் தெரியாமல் எடுத்தது. இப்போது அவளும் எல்லோரையும் போல ஆகிவிட்டாள். திரை வெள்ளையானது.

விளக்கு போட்டார்கள். கூட்டம் கை தட்டியது. நான் எழுந்திருக்கவில்லை. படம் இடம் வலம் மாறி ஓடியது என்றால், வரிசையில் ஒருத்தி வலது கையால் சாப்பிட்டாள் என்றால், அவள் உண்மையில் எந்தக் கையால் சாப்பிட்டாள்? கணக்கு சுலபம்தான். அதைப் போட என் மனதுக்குத்தான் தைரியம் வரவில்லை.

நிகழ்ச்சியை நடத்திய பெண்ணிடம் போனோம். நாற்பது வயது இருக்கும், சென்னைக்காரர். சுருளைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றியவர் அவரேதான். முகம் வாடிப் போயிருந்தது.

"சாரி மேடம். சுருள்ல பார்த்தப்ப எல்லா லேடீஸுக்கும் முந்தானை வலது தோள்ல இருந்தது. சரி, ஃபிலிம் திரும்பியிருக்கு, நாமதான் சரி பண்ணணும்னு நினைச்சு மாத்திட்டேன். கடைசிவரைக்கும் ஓட்டிப் பார்க்க நேரமில்லை."

"தப்பில்லைங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க அப்படித்தான் போடுவாங்க. உங்களுக்கெப்படித் தெரியும்," என்றேன். அவர் எவ்வளவு பொறுப்பாக அந்தத் தப்பைச் செய்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "அந்தப் பந்திய மட்டும் ஒருக்கா நேராக் காட்டுங்க. அதுல எங்கம்மா இருக்காங்க."

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். மடிக்கணினியைத் திறந்தார். ஏதோ ஒன்றை அழுத்தினார், மாராப்புகள் எல்லாம் வலது தோளுக்குப் போயின. பந்தி முழுக்க வலது கையால் சாப்பிட்டது. அம்மா மட்டும் இடது கையால் பிசைந்தாள், இடது கையால் உருட்டினாள். சாய்ந்து பேசினாள், சிரித்தாள், கேமராவைப் பார்த்தாள், கையை மாற்றினாள்.

"இன்னொருக்கா," என்றேன். அவர் மறுபடி ஓட்டினார். நான் போதும் என்று சொல்லும்வரை அலுத்துக்கொள்ளாமல் ஓட்டினார்.

"எதுக்கு எங்கிட்டச் சொல்லல?" என்று அக்காவிடம் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

அக்கா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அத்தை சொல்லக் கூடாதுன்னுபோட்டாங்க. சித்தி போனதுக்கப்பறம் நீ எட்டி எட்டி அந்தக் கையிலயே எடுத்தயா, அத்தை பயந்துட்டாங்க. செத்தவ கை புள்ளைக்கு வந்துருச்சு, புள்ளையையும் கூட்டீட்டுப் போயிருவான்னு. எங்க எல்லாத்தையும் கூப்புட்டுச் சத்தியம் வாங்குனாங்க. நாங்கெல்லாம் சின்னப் பசங்க கண்ணு. அப்பறம் பெருசானதுக்கப்பறம் சொல்லோணும்னே தோணல. வாயி அப்படியே பழகிப்போச்சு."

அத்தை மேல் கோபப்படப் பார்த்தேன். முழுசாக வரவில்லை. அடித்துவிட்டுத் தேய்த்துவிட்ட கைதான் நினைவுக்கு வந்தது. என்னைச் சாவிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அம்மாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்தை அவர் தட்டித் தட்டி விரட்டியிருக்கிறார். எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தெரியாத மாதிரி புலம்பியிருக்கிறார்.

"சரி, அம்மா உங்ககிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சாங்களே. என்ன சொன்னாங்க?"

அக்கா யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஞாபகம் இல்லியே கண்ணு," என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னமோ சொன்னாங்க. நானும் சிரிச்சிருக்கறேன் பாரு. ஆனா என்னன்னு ஞாபகம் இல்ல."

ஆயுசுக்கும் ஊரார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காது எனக்கு. கேட்க வேண்டிய ஒன்று கேட்கவில்லை. தாடிக்காரர் சொன்னது சரிதான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். அவர் பாட்டுக்குத் தூணோரம் நின்று சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

கிடங்கின் பின்பக்கம் சாப்பாடு வைத்திருந்தார்கள். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம். பாக்குமட்டைத் தட்டில் ஆவி பறந்தது. உட்கார இடமில்லை, எல்லோரும் நின்றபடி சாப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் சிலர் இடது கையால் சாப்பிடுகிற மாதிரி நடித்து ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

நான் தட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையைச் சோற்றில் வைத்தேன். சூடு விரலில் ஏறியது. அத்தை அடித்து மாற்றிய பிறகு இந்தக் கையில் நான் சோறு தொட்டதில்லை. பிசையத் தெரியவில்லை. பருக்கைகள் விரலிடுக்கில் நழுவிச் சேலையில் விழுந்தன. தட்டைப் பிடித்த வலது கைக்கும் அந்த வேலை பழக்கமில்லை, சாய்த்துக்கொண்டே போனது. இரண்டு கையும் புதிதாகப் பிறந்தவை மாதிரி திணறின. ஒரு வாய் எப்படியோ உள்ளே போனது.

"யாராச்சும் பாக்கப்போறாங்க கண்ணு," என்றாள் அக்கா, மெதுவாக.

"பாக்கட்டுங்க்கா."

நிகழ்ச்சியைப் படம் எடுக்கிறவர் கூட்டத்துக்குள் கேமராவோடு வந்துகொண்டிருந்தார். சாப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். "மேடம், இப்படிப் பாருங்க," என்றார். கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் என் இடது கை தானாகவே தட்டிலிருந்து எழுந்தது. எத்தனையோ வருடப் பழக்கம். புறங்கையில் அத்தையின் அடி இப்போதுதான் விழுந்த மாதிரி சுள்ளென்றது. எழுந்த கையைத் திரும்பச் சோற்றிலேயே வைத்தேன். அப்படியே அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

தட்டு மறுபடி சாய்ந்தது. அக்கா அடியில் கை கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டாள்.